நான்கு பிட் என்பது குறையா, அளவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுண்செயலிகளின் வரலாறு பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன்; முதல் முறை மகிழ்ச்சியோடு, இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. மின்னணுவியலைத் தமிழில் எழுத முழுப் பக்கம் ஒதுக்கும் நாளிதழ்கள் குறைவு என்பதால், முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அக்கட்டுரை 1971ஆம் ஆண்டின் இன்டெல் 4004 என்னும் நான்கு பிட் சில்லைத் (பிட் என்பது பூச்சியம் அல்லது ஒன்று என்னும் ஒற்றை இரும இலக்கம்) தவழும் குழந்தையாகவும், பின்னால் வந்த எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு பிட் செயலிகளை அக்குழந்தை வளர்ந்து ஆளான படிகளாகவும் காட்டுகிறது. அதற்கு மேல் செய்யத் தெரியாததால்தான் அன்றைய பொறியாளர்கள் நான்கு பிட்டோடு நின்றார்கள் என்ற எண்ணமே படிப்பவர் மனத்தில் மிஞ்சுகிறது. கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் இருக்கும், 8085 என்னும் எட்டு பிட் செயலியின் பயிற்சிப் பலகைகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடலாம் என்று கட்டுரை முடிவில் சொல்லும் யோசனையும் அதே எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். முப்பத்தோரு ஆண்டுகள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் அந்தப் பலகைகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது. நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

இன்டெல் 4004 ஏன் நான்கு பிட்டாக இருந்தது என்ற கேள்விக்கு விடை, அதைச் செய்யச் சொல்லிக் கேட்டவர் யார் என்பதில் இருக்கிறது. 1969இல் ஜப்பானின் புசிகாம் நிறுவனம், தன் மேசைக் கணிப்பான்களுக்கு வேண்டிய சில்லுகளைச் செய்து தருமாறு, அப்போது தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த இன்டெல் நிறுவனத்தை அணுகியது. கணிப்பானில் தட்டப்படுவதும் காகிதத்தில் அச்சாகி வருவதும் பதின்ம இலக்கங்கள். பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள பத்து இலக்கங்களைக் குறிக்க மூன்று பிட் போதாது, ஏனெனில் மூன்று பிட்டில் எட்டு வடிவங்கள்தாம் கிடைக்கும்; நான்கு பிட்டில் பதினாறு கிடைக்கும். ஆகவே ஓர் இலக்கத்துக்கு நான்கு பிட் என்பது கணிப்பானைப் பொறுத்தவரை இயற்கையாக அமையும் அளவு. நாம் தாளில் கூட்டும்போது ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடமாக இடப்பக்கம் நகர்ந்து, மிஞ்சுவதை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறோம் அல்லவா? 4004 செய்ததும் அதையேதான். பாலை அளக்க ஆழாக்கும் நெல்லை அளக்க மரக்காலும் வைத்திருந்தவர்களிடம், ஆழாக்கு என்பது வளராத மரக்கால் என்று யாரும் சொன்னதில்லை.

இதற்குச் சான்று அந்தச் சில்லின் கட்டளைத் தொகுதியிலேயே கிடைக்கிறது. அதிலிருந்த நாற்பத்தாறு கட்டளைகளில் ஒன்றின் பெயர் 'டிஏஏ'. பதின்மத் திருத்தம் என்று தமிழில் சொல்லலாம். ஏழையும் ஐந்தையும் கூட்டினால் இரும முறையில் 1100 என்று வரும். பன்னிரண்டுக்கு அது சரியான விடைதான் என்றாலும், ஒற்றை இலக்கமாக அதை எழுத முடியாது. ஒன்பதைத் தாண்டிய அந்த விடையோடு இன்னும் ஆறைச் சேர்த்தால் மொத்தம் பதினெட்டு ஆகும்; நான்கு பிட்டுக்குள் பதினைந்துக்கு மேல் அடங்காததால், பதினாறு ஒரு மிகுதியாக வெளியே போய், உள்ளே 0010, அதாவது இரண்டு, எஞ்சும். இரண்டை எழுதி, மீதி ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் நம் பள்ளிக்கூடக் கணக்கு, இவ்வாறு ஆறைச் சேர்க்கும் ஒரே ஒரு கட்டளையில் அடங்கிவிடுகிறது. விசைப்பலகையில் எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை எண்ணாக மாற்றித் தருவதற்கென்றும் தனியாக ஒரு கட்டளை அதில் இருந்தது. மறுபுறம், எந்தக் கணினியிலும் இருந்தே தீர வேண்டும் என்று இன்றைய மாணவர் நினைக்கும் 'மற்றும்', 'அல்லது' என்னும் தருக்கக் கட்டளைகள் 4004இல் இல்லை. கணிப்பானுக்கு அவை தேவைப்படவில்லை; 1974இல் வந்த 4040இல்தான் அவை சேர்க்கப்பட்டன. இயலாதவர் விட்ட இடைவெளியாக இது எனக்குத் தோன்றவில்லை. எதை விடலாம் என்று தெரிந்தவர் விட்டது.

அதனோடு இணைந்து வேலைசெய்த 4002 என்னும் ரேம், அதாவது எண்களைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகச் சில்லின் அமைப்பைப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. அதன் 320 பிட்டுகள் நான்கு வரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வரிசையிலும் பதினாறு இலக்கங்களுக்கு இடம். அவற்றோடு குறி, புள்ளியின் இடம் போன்றவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளக் கூடுதலாக நான்கு இடங்கள். ஒரு கணக்குப் பிள்ளை தன் பேரேட்டில் கோடு போட்டு வைத்துக்கொள்வதைப் போல, ஓர் எண் எழுதப்பட வேண்டிய வடிவத்திலேயே நினைவகத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

பிட் எண்ணிக்கையை நிர்ணயித்த மற்றொரு காரணம், சில்லின் மூளையைவிட அதன் கால்களைச் சார்ந்தது. 4004க்கு வாய்த்தது பதினாறு கால் உறை. மின்சாரம், கடிகாரத் துடிப்பு, கட்டுப்பாட்டுக் கம்பிகள் எல்லாம் போக, தரவுக்கு என்று நான்கு கால்களே மிஞ்சின. முகவரியோ பன்னிரண்டு பிட். கட்டளையோ எட்டு பிட். எனவே முகவரியை மூன்று தவணைகளில் வெளியே அனுப்பி, கட்டளையை இரண்டு தவணைகளில் உள்ளே வாங்கி, மேலும் மூன்று துடிப்புகளில் அதை நிறைவேற்றி, எட்டுத் துடிப்புகளில் ஒரு சுற்றை முடித்தார்கள். 740 கிலோஹெர்ட்ஸ் துடிப்பில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.8 மைக்ரோ விநாடி ஆகும். இரண்டு எட்டு இலக்க எண்களைக் கூட்ட 850 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, என்று இன்டெல் கூறியது. இன்றைய கண்ணுக்கு அது ஆமை வேகம். ஆனால் விசையைத் தட்டும் விரலும், விடையை உருளையில் அச்சடிக்கும் பொறியும் அதைவிடப் பல மடங்கு மெதுவானவை. புசிகாமின் 141-பிஎஃப் கணிப்பானில் காத்திருந்தது அச்சுப்பொறிக்காகத்தானே தவிர, செயலிக்காக அல்ல. 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்டு அந்த வேலையை முடிக்கலாம் என்றான பிறகு, அதைவிடப் பெரிதாகச் செய்வது பணத்தை வீணாக்குவதாகவே இருந்திருக்கும்.

இந்தச் சில்லை ஒருவர் மட்டும் கண்டுபிடித்ததாகக் கட்டுரை சொல்வதும் திருத்தப்பட வேண்டியது. தனித்தனிச் சில்லுகளுக்குப் பதிலாகப் பொதுவான ஒரு செயலியைச் செய்து, வேலையை நிரலில் எழுதிவிடலாம் என்ற அடிப்படை யோசனை டெட் ஹாஃப் அவர்களுடையது. கட்டளைத் தொகுதியை வகுப்பதில் ஸ்டான்லி மேசர் அவரோடு உழைத்தார். ஆனால் யோசனை சில்லாக வேண்டுமே! 1970 ஏப்ரலில் இன்டெல்லில் சேர்ந்த ஃபெடரிக்கோ ஃபஜின், தாம் முன்பு ஃபேர்சைல்டு நிறுவனத்தில் உருவாக்கிய சிலிக்கான் கேட் தொழில்நுட்பத்தைக் கொண்டு, அந்த யோசனையை மின்சுற்றாகவும் சிலிக்கான் மீது வரையப்படும் படமாகவும் மாற்றினார். தம் பெயரின் முதலெழுத்துகளை அவர் அந்தச் சில்லின் ஓரத்திலேயே பொறித்தும் வைத்தார். கணிப்பான் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அறிந்து, தருக்க வடிவமைப்பிலும் கைகொடுத்த மசடோஷி ஷிமா அப்போது இன்டெல் ஊழியரே அல்லர், புசிகாமின் பொறியாளர். 1997ஆம் ஆண்டின் கியோட்டோ பரிசு இந்நால்வருக்கும் சேர்த்துத்தான் வழங்கப்பட்டது. உலகின் முதல் நுண்செயலி எது என்பதே வழக்காடப்பட்ட விஷயம் என்பதையும், அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 விமானத்துக்காக 1970இல் முடிக்கப்பட்ட சில்லுத் தொகுதி ஒன்று 1998 வரை இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து செல்கிறேன்.

4004 பயனியர் 10 விண்கலத்தில் ஏறி வியாழனைக் கடந்து சென்றது என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. கேட்க இனிமையான கதை; நானும் என் வகுப்பில் சில ஆண்டுகள் இதைச் சொல்லியிருக்கிறேன் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அது உண்மையல்ல. 4004 விற்பனைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது 1971 நவம்பரில். பயனியர் 10 ஏவப்பட்டது 1972 மார்ச்சில். விண்கலத்தில் போகும் ஒவ்வோர் உறுப்பும் பல ஆண்டுச் சோதனைகளைத் தாண்டியே ஏறும் என்பதை நினைத்தால், இடையில் நான்கே மாதம் என்பது கதையைச் சந்தேகிக்கப் போதுமான காரணம். விண்வெளிக்குப் போன சிறிய செயலியைத்தான் குறிப்பிட வேண்டுமென்றால், 1989இல் புறப்பட்டு வியாழனைச் சுற்றிவந்து 2003இல் அதன் வளிமண்டலத்திலேயே விழுந்து முடிந்த கலிலியோ கலத்தில் இருந்த ஆர்சிஏ 1802 என்னும் எட்டு பிட் செயலியைக் குறிப்பிட்டிருக்கலாம்.

கட்டுரையில் ஒரு சொல்கூட இடம்பெறாத சில்லு ஒன்று உண்டு. எனக்கு அதுவே பெரிய குறையாகப் படுகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1974இல் சந்தைக்குக் கொண்டுவந்த டிஎம்எஸ் 1000 அது. 4004 ஒரு செயலி மட்டுமே. நிரலை வைக்க ஒரு சில்லு, எண்களை வைக்க ஒரு சில்லு என்று பக்கத்தில் துணை வேண்டும். டிஎம்எஸ் 1000இலோ, 1,024 கட்டளைகளுக்கான ரோமும் (மாறாத நினைவகம்), 64 இலக்கங்களுக்கான ரேமும், வெளியுலகோடு பேசும் கால்களும் ஒரே சிலிக்கான் துண்டில் இருந்தன. நுண்கட்டுப்படுத்தி என்று இன்று நாம் அழைப்பதன் முழு வடிவம் அதுதான். அதுவும் நான்கு பிட்தான். அதை வடிவமைத்தவர்கள் டிரான்சிஸ்டர்களை எண்ணி எண்ணிச் செலவழித்த விதம், வீட்டுச் செலவைக் கட்டி நடத்தும் இல்லத்தரசிகளுக்குப் புரியும். அடுத்த கட்டளை எங்கே இருக்கிறது என்று காட்டும் நிரல் எண்ணி, சாதாரணமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏற ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மிகுதியைக் கொண்டுபோகும் சுற்று வேண்டும். அந்தச் சுற்றையும் மிச்சப்படுத்துவதற்காக, பிட்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளி, காலியாகும் இடத்தில் மற்ற பிட்டுகளிலிருந்து கணித்த ஒன்றையோ பூச்சியத்தையோ நுழைக்கும் எளிய பதிவகத்தை (சில்லின் உள்ளேயே சில பிட்டுகளை வைக்கும் இடத்தை) வைத்தார்கள். அது 0, 1, 3, 7, 15, 31, 63 என்று தாவித் தாவிச் செல்லும். வரிசை கோணலானால் என்ன? அறுபத்து நான்கு இடங்களில் ஒவ்வொன்றையும் ஒரு முறை தொட்டுத் திரும்பினால் போதும். நிரலை அந்தக் கோணல் வரிசையிலேயே ரோமில் அடுக்கிவிட்டால், செயலிக்கு அது நேர் வரிசைதான். மாணவர்களிடம் இதை விளக்கும்போது வகுப்பில் ஒரு நிமிடம் அமைதி நிலவும். பிறகு கடைசி வரிசையிலிருந்து யாராவது சிரிப்பார்கள். புரிந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

இந்தச் சில்லின் நிரல், தொழிற்சாலையில் முகமூடித் தகட்டின் வழியாகச் சிலிக்கானிலேயே பதிக்கப்படும். பிறகு ஒரு பிட்டைக்கூட மாற்ற முடியாது. பிழையோடு அனுப்பிவிட்டால் அந்த ஈடு முழுவதும் குப்பைதான். ஆகையால் இதற்கு நிரல் எழுதியவர்கள், இன்று பிழையோடு வெளியிட்டு மறுநாள் திருத்தம் அனுப்பும் வசதி பெற்றவர்களைவிடப் பல மடங்கு எச்சரிக்கையாக இருந்தார்கள். அந்த எச்சரிக்கையின் பயனாக, 1978இல் அமெரிக்காவில் வெளிவந்து நான்கு நிறப் பொத்தான்களால் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட சைமன் என்னும் விளையாட்டுக் கருவி ஆயிரத்துச் சொச்சம் கட்டளைகளுக்குள் அடங்கியது. 1980 முதல் ஜப்பானின் நின்டென்டோ வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவிகளிலும் ஷார்ப் நிறுவனத்தின் நான்கு பிட் சில்லுகளே இருந்தன. செயலி வரிசையில் எட்டும் பதினாறும் வந்து சேர்ந்துவிட்ட பிறகுதான் இது நடந்தது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன். குழந்தை வளர்ந்து ஆளாகிவிட்டது என்றால், அதற்குப் பிறகும் அத்தனை குழந்தைகள் வேலைக்குப் போனது எப்படி?

நம் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு மற்றொரு சான்று கிடைத்திருக்கும். பழைய ரிமோட்டுகள் பலவற்றில் நான்கு பிட் நுண்கட்டுப்படுத்திகள் இருந்தன. பக்கத்தில் 455 கிலோஹெர்ட்ஸ் என்று குறித்த சிறிய அதிர்வி ஒன்று நிற்கும். வானொலிப் பெட்டி பழுதுபார்த்த எந்த மெக்கானிக்கும் இந்த எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார். ரேடியோவின் இடைநிலை அலைவெண் அது. ரேடியோக்களுக்காக மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்த அந்த உறுப்பை எடுத்து, அதன் துடிப்பைப் பன்னிரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 38 கிலோஹெர்ட்ஸ் வரும். அகச்சிவப்பு ஒளி ரிமோட்டிலிருந்து பெட்டிக்குப் போவது அந்தத் துடிப்பில்தான். பொத்தானை அழுத்தும் சில கணங்கள் தவிர நாள் முழுவதும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய கருவி, இரண்டு பேட்டரிகளை மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டிய கருவி, முப்பது நாற்பது பொத்தான்களில் எது என்று மட்டுமே தெரிந்துகொள்ள வேண்டிய கருவி. அதற்குள் முப்பத்திரண்டு பிட்டை வைத்து என்ன செய்வது?

நான்கையும் விடச் சிறியது உண்டா என்று கேட்டால், உண்டு. மோட்டரோலா 1977இல் எம்சி 14500பி என்னும் ஒரே ஒரு பிட் செயலியை விற்றது. பதினாறு கால்கள், பதினாறு கட்டளைகள். தரவு என்பது உண்டு அல்லது இல்லை என்ற ஒற்றைச் செய்தி. ஆலைகளில் ரிலேக்களைச் சுவர் நிறைய அடுக்கிச் செய்த வேலை எதுவோ, அதற்காகவே அது பிறந்தது: காப்புக் கதவு மூடியிருக்கிறதா, எண்ணெய் அழுத்தம் இருக்கிறதா, நிறுத்து பொத்தான் விடுபட்டிருக்கிறதா, மூன்றும் ஆம் என்றால் மோட்டாரை ஓட்டு. இத்தகைய கேள்விகளில் எண்ணே கிடையாது. 1980இல் வந்த எட்டு பிட் 8051 நுண்கட்டுப்படுத்தியிலும், ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைக்க வசதியாக ஒரு பகுதியை இன்டெல் ஒதுக்கி வைத்தது இதனால்தான்.

இனி, 4004 வளர்ந்து 8008 ஆனது என்ற வாக்கியம். எண்களைப் பார்த்து ஏமாறுவது எளிது, இரட்டிப்பாகவே தெரிகிறது. உண்மையில் 8008 வேறொரு வீட்டுப் பிள்ளை. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருந்த கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் தன் டேட்டாபாயின்ட் 2200 என்னும் கருவிக்காக வகுத்திருந்த செயலியின் அமைப்பே 8008இன் அமைப்பு. இன்டெல்லில் அதற்கு முதலில் இருந்த எண் 1201. அந்தச் சில்லு உரிய காலத்தில் வந்து சேராததால் டேட்டாபாயின்ட் கருவி சாதாரணத் தருக்கச் சில்லுகளைக் கொண்டே வெளிவந்தது; 8008ஐ இன்டெல் 1972 ஏப்ரலில் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கியது. அதிலிருந்து 8080, அதிலிருந்து 8085, மற்றொரு கிளையாக 8086 என்று வம்சம் நீள்கிறது. இன்றைய மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றின் மூதாதை அதுதான்.

என் ஆய்வகத்தில் ஆண்டுதோறும் நிகழ்ந்த ஒரு தவறை இங்கே சொல்ல வேண்டும். பலகையில் 4100 முகவரியிலிருந்து நிரலை ஏற்றச் சொல்வோம். ஒரு முகவரியைப் பதிவகத்தில் ஏற்றும் 'எல்எக்ஸ்ஐ எச்' என்ற கட்டளைக்கு 21 என்பது குறியீடு. அதன் பின்னால் 4200 என்ற முகவரி வர வேண்டும். மாணவர்களில் பாதிப் பேர் 21, 42, 00 என்று தட்டுவார்கள். சரியான வரிசை 21, 00, 42. விடை தவறாக வந்ததும், ஏன் சார் தலைகீழாகப் போட வேண்டும் என்று கேட்பார்கள். பாடநூலில் விதி மட்டுமே இருக்கும், காரணம் இருக்காது. காரணம் டேட்டாபாயின்ட் 2200இல் இருக்கிறது. அந்தக் கருவி எண்களை ஒரு நேரத்தில் ஒரு பிட்டாகக் கையாண்டது. கூட்டலுக்குக் கீழ் இலக்கங்களே முதலில் வேண்டும், மிகுதி அங்கிருந்துதானே கிளம்புகிறது! அதனால் கீழ்ப்பாதி முதலில் வருமாறு வைத்தார்கள். பிட் பிட்டாகக் கூட்டும் அவசியம் 8008இலேயே நீங்கிவிட்டது. ஆனால் பழக்கம் நீங்கவில்லை. இன்று நீங்கள் இந்தக் கடிதத்தைப் பக்கம் அமைக்கும் கணினி, இன்டெல் வகையைச் சேர்ந்தது என்றால், அதுவும் எண்களைக் கீழ்ப்பாதி முதலாகவே நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது.

அதே போலத்தான் மேலே சொன்ன பதின்மத் திருத்தமும். 8085இல் அதன் குறியீடு 27. எட்டு பிட் கூட்டலின் நடுவில், கீழ் நான்கு பிட்டிலிருந்து மேல் நான்கு பிட்டுக்கு ஒரு மிகுதி தாண்டியதா என்பதைக் குறித்து வைப்பதற்கென்றே ஒரு கொடி பிட் உண்டு. 8085இல் அதைப் பயன்படுத்தும் கட்டளை இந்த ஒன்றுதான். புறத்தேர்வாளர்கள் செய்முறைத் தேர்வில் தவறாமல் கேட்கும் கேள்வியும் அதுவே. 8086லும் அதன் வழிவந்த முப்பத்திரண்டு பிட் செயலிகளிலும் இந்தக் கட்டளை தொடர்ந்தது. அறுபத்து நான்கு பிட் முறைமை வந்தபோதுதான் அதில் செல்லாது என்று நீக்கினார்கள். கொடி மட்டும் இன்னும் இருக்கிறது. கணிப்பானின் ஒற்றை இலக்கம் அத்தனை காலம் பெரிய செயலிகளின் மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

அப்படிப் பார்த்தால், ஒரு செயலியை எத்தனை பிட் என்று சொல்வதே அவ்வளவு நேரான விஷயமல்ல. 1976இல் ஃபஜினும் ஷிமாவும் சைலாக் நிறுவனத்தில் உருவாக்கிய இசட்80 எட்டு பிட் செயலி என்றே எல்லாரும் படித்திருக்கிறோம். அதன் உள்ளே கூட்டல் நடக்கும் சுற்று நான்கு பிட் அகலமே உடையது. ஒவ்வோர் எட்டு பிட் கூட்டலையும் அது இரண்டு பாதிகளாகப் பிரித்துச் செய்கிறது. வெளியே யாருக்கும் அது தெரிவதில்லை. 1981இல் வந்த ஐபிஎம் தனிக் கணினியின் 8088, உள்ளே பதினாறு பிட், வெளியே எட்டு. ஹெச்பி நிறுவனத்தின் சாட்டர்ன் செயலியோ அறுபத்து நான்கு பிட் பதிவகங்களை வைத்துக்கொண்டு நினைவகத்தை நான்கு நான்கு பிட்டாக அணுகியது. 1990இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் 48 வரிசைக் கணிப்பான்களைப் பயன்படுத்திய பொறியாளர்கள் அதைக் குழந்தை என்று சொல்ல மாட்டார்கள்.

பயிற்சிப் பலகைகளுக்கு வருகிறேன். எட்டு பிட்டே போதும், புதியதைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. இன்றைய கைபேசிகளில் இருக்கும் ஏஆர்எம் வகைச் செயலிகளைத் தொடாமல் ஒரு மாணவர் இன்று பட்டயம் பெற்று வெளியேறினால் அது கல்லூரியின் தவறு. தாளில் கட்டளைகளை எழுதி, குறியீட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்து, பதினாறடிமான எண்களைத் தட்டிக்கொண்டிருப்பதில் அரை நாள் போய்விடுகிறது என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் இருக்கிறது. பல இடங்களில் அந்தப் பயிற்சி புரியாத சடங்காகிவிட்டது என்பதும், ரெக்கார்டு நோட்டில் முந்தைய ஆண்டு மாணவரின் விடையே எழுதப்படுகிறது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அப்படிச் சடங்காகிப்போன இடத்தில் பலகையை எடுத்துவிட்டால் நான் அழ மாட்டேன்.

ஆனால் பிட் குறைவு என்பதற்காக எடுக்கக் கூடாது. ஒரு செயலியை முழுவதுமாக ஒரு மனிதர் தம் தலைக்குள் வைத்துக்கொள்ள முடிந்த கடைசித் தலைமுறை 8085. 6,500 டிரான்சிஸ்டர்கள், ஏழு எட்டுப் பதிவகங்கள், நாற்பது கால்கள். எந்தத் துடிப்பில் எந்தக் காலில் எந்த முகவரி வெளியே வருகிறது என்பதை அலைகாட்டியில் பார்த்து, பாடநூலில் வரைந்த படத்தோடு விரலை வைத்து ஒப்பிடலாம். கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்கிய சில்லில் அந்த ஒப்பீடு நடக்காது. அங்கே மாணவர் நம்புகிறார், இங்கே பார்க்கிறார்.

வேலைக்கு ஏற்ற அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் இந்தச் சிறிய சில்லுகள்தாம் நன்றாகக் காட்டுகின்றன. 8051க்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் 11.0592 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை ஏன் போட வேண்டும், பன்னிரண்டு என்று முழு எண்ணாகப் போட்டால் என்ன என்று கேட்காத வகுப்பே இல்லை. கரும்பலகையில் அதைப் பன்னிரண்டாலும், பிறகு முப்பத்திரண்டாலும், பிறகு மூன்றாலும் வகுக்கச் சொல்வேன். தொடர் இணைப்பில் வினாடிக்கு 9,600 பிட் என்ற எண் பின்னமே இல்லாமல் வந்து நிற்கும். பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸில் அதே வழியில் வகுத்தால் 10,416 சொச்சம் வரும். மறுமுனையில் இருக்கும் கணினிக்கு அது உளறலாகக் கேட்கும். பெரிய எண் இருக்க, கோணலான சிறிய எண் ஏன் சரியானது என்பது அப்போது ஒருவரும் விளக்காமலே புரியும். முதல் ஐபிஎம் தனிக் கணினியின் விசைப்பலகைக்குள், ஒரு கிலோபைட் ரோமும் 64 பைட் ரேமும் மட்டுமே கொண்ட 8048 உட்கார்ந்திருந்தது ஏன் என்பதும் அதன் பிறகு கேள்வியாகவே எழாது. பெரிய செயலி பெரிய வேலையைப் பார்த்தது. விசை எது என்று பார்க்கச் சிறியது போதுமானதாக இருந்தது. இரண்டும் ஒரே கம்பியின் இரு முனைகளில் இருந்தன.

நம் நாட்டு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், இஸ்ரோ ஏவுகலங்களில் 2009 முதல் பறந்துகொண்டிருப்பது விக்ரம் 1601 என்னும் பதினாறு பிட் செயலி. கைபேசிகள் அறுபத்து நான்கு பிட்டுக்குப் போன பிறகும் ராக்கெட்டுகள் அதை நம்பியே மேலே போயின. அதன் அடுத்த தலைமுறையான 3201 முப்பத்திரண்டு பிட்டோடு வந்திருப்பதைத் தங்கள் நாளிதழே செய்தியாக்கியிருக்கிறது. அதுவும் 180 நானோமீட்டர் அளவில், மொகாலியில் உள்ள ஆலையில் செய்யப்பட்டது. கைபேசிச் சில்லுகளின் அளவோடு ஒப்பிட்டு அதையும் பழையது என்று யாராவது எழுதக்கூடும். ராக்கெட்டின் அதிர்வையும் வெப்பத்தையும் தாங்குவது அதன் வேலையே தவிர, படம் காட்டுவது அன்று.

கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தம் இல்லை. வரலாற்றை ஏணியாக எழுதுவது எளிது, நானும் பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தேன். ஏணி வேண்டாம் என்று அவரை வற்புறுத்தவும் மாட்டேன். பயனியர் 10 பற்றிய வரிக்கும், 4004இன் பின்னிருந்த நால்வரின் பெயர்களுக்கும் மட்டும் அடுத்த வாரம் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மாணவர்கள் தங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். என் பேத்தியும் இந்தக் கட்டுரையை ஏற்கெனவே ஒட்டிவிட்டாள். திருத்தம் வந்தால் அதன் மேலேயே ஒட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் விரிவுரையாளர்,
விருதுநகர்.